ஏழாம் வகுப்பு ஏன் சிரிக்கிறது?

கேள்வி: நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர். இந்த ஆண்டு முதல், வாரத்துக்கு ஒரு பாடவேளை, தன் உணர்வை அறியவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் ‘சமூக-உணர்வுத் திறன்’ வகுப்பையும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கையேட்டில் சொன்னபடி, முகப் படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டி, ‘இன்று உன் மனநிலை எது?’ என்று கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் ‘ஒன்றுமில்லை’ என்றார்கள். இன்னொரு வாரம், ‘உங்களைக் காயப்படுத்திய நிகழ்வு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்றபோது, ஒரு மாணவி பேசத் தொடங்கி அழுதுவிட்டாள். மறுநாள் இரண்டு பையன்கள் அவள் அழுததை நடித்துக் காட்டினார்களாம். குழுவாகப் பிரியச் சொன்னால், ஒரு மாணவனை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. இதற்கிடையில் இந்தத் திறன்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்கிறது நிர்வாகம். வீட்டில் வரவேண்டிய இந்தக் குணங்களை வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியுமா? நான் வீண்வேலை செய்கிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்த மாணவியைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. அவளைத் தனியாகப் பாருங்கள். ஆனால் தனியாகக் கூப்பிட்டதாக மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நேரம், ஆய்வகத்தை ஒழுங்கு செய்யும் நேரம் என்று ஏதாவது சாதாரணமான சந்தர்ப்பம் போதும். ‘அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது நான். அது உனக்குக் கஷ்டமாகிவிட்டது. இனி வகுப்பில் அப்படிக் கேட்க மாட்டேன். அதைப் பற்றி மேலும் பேசத் தோன்றினால் என்னிடம் வரலாம், வராவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொன்னால் போதும். பதிலை எதிர்பார்த்து நிற்காதீர்கள். அவள் அன்று சொன்னதில் யாரோ அவளை அடிப்பதாகவோ, தொந்தரவு செய்வதாகவோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகவோ சிறு குறிப்பு இருந்தாலும், அன்றே பள்ளி ஆலோசகரிடமோ பொறுப்பான அதிகாரியிடமோ கொண்டு போய்விடுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது.

அந்தப் பையன்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். இருவரையும் சேர்த்து நிறுத்தினால், ஒருவனுக்கு மற்றவன் பார்வையாளன் ஆகிவிடுவான். பார்வையாளன் இருக்கும் இடத்தில் அந்த வயதுப் பையன் வருத்தம் தெரிவிப்பது அபூர்வம்.

நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கான விடையின் பாதி இதிலேயே இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பக்கத்தில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நடத்தையை அவ்வளவு மாற்றுகிறது. 2005-ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஒருவர் தனியாக ஆடும்போதும், வயதொத்தவர்கள் அருகில் இருக்கும்போதும் எவ்வளவு துணிகிறார் என்று பார்த்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் எடுத்த அபாயம் வெகுவாகக் கூடியது. 24 வயதைக் கடந்தவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. உங்கள் வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் நாற்பது பேர் பார்க்க உட்கார்ந்திருக்கிறான். அந்த மேடையில் ‘எனக்கு இன்று சோகமாக இருக்கிறது’ என்று சொல்வது அவனுக்குப் பெரிய அபாயம். சிரிப்பு, அதிலிருந்து தப்ப அவனுக்குத் தெரிந்த மலிவான வழி. ‘ஒன்றுமில்லை’ என்பதும் அப்படித்தான். அவர்கள் உங்களையோ பாடத்தையோ அவமதித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த முகப்பட அட்டை ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொருந்தும். சிறு குழந்தை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஓர் உணர்வைத்தான் சொல்லும். அழுதால் சோகம், குதித்தால் மகிழ்ச்சி. எரிக் நூக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 5 முதல் 25 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்வுகளைப் பிரித்தறியும் திறன் வளரிளம் பருவத்தில் குறைந்து, பிறகு மீண்டும் உயர்வதைக் கண்டார்கள். அந்த வயதில் பல உணர்வுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. எது எது என்று பிரிக்கத்தான் வருவதில்லை. தோழி வேறொருத்தியோடு போய்விட்டாள் என்றால் பொறாமை, அவமானம், பயம், ‘போனால் போகட்டும்’ என்ற வீம்பு எல்லாம் ஒரே மூட்டையாக வரும். அதை எந்த முகப்படத்தில் காட்டுவாள்? ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலில் ‘எனக்கே தெரியவில்லை’ என்ற நேர்மையும் கொஞ்சம் இருக்கிறது.

கற்றுக்கொடுக்க முடியுமா என்றால், முடியும். ஜோசப் டுர்லாக்கும் அவருடைய குழுவினரும் 2011-ல், 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். திறன்களும் நடத்தையும் மேம்பட்டதோடு, பாடத் தேர்ச்சியிலும், நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் 11 இடங்கள் முன்னேறியதற்குச் சமமான பலன் தெரிந்தது. வெளியிலிருந்து நிபுணர்கள் வரவேண்டியதில்லை, வகுப்பு ஆசிரியர்களே நடத்தினாலும் பலன் உண்டு என்பதும் அதில் தெரியவந்தது. இது உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஆனால் அந்தத் திட்டங்களில் பாதிக்கு மேல் தொடக்கப் பள்ளிகளில் நடந்தவை. வளரிளம் பருவம் வந்ததும், அதே முறைகளின் பலன் தேய்ந்துவிடுகிறது என்று உளவியலாளர் டேவிட் யேகர் 2017-ல் விரிவாக எழுதினார். அவர் சொல்லும் காரணம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: இந்த வயதினர் மரியாதைக்கும் அந்தஸ்துக்கும் மிகவும் கூர்மையாக எதிர்வினை செய்கிறார்கள். ‘உனக்குக் கோபத்தை அடக்கத் தெரியவில்லை, நான் சொல்லித் தருகிறேன்’ என்ற தொனி லேசாகத் தெரிந்தாலும் காதை மூடிக்கொள்வார்கள்.

நல்லதென்று தோன்றும் எல்லாமே பலிப்பதும் இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 வயதைக் கடந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு, மூச்சையும் எண்ணங்களையும் அந்தந்த நொடியில் கவனிக்கப் பழக்கும் மனக்கவனப் பயிற்சி சோதிக்கப்பட்டது. 2022-ல் வெளியான முடிவு: பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக-உணர்வுக் கல்வியைவிட அதனால் கூடுதல் பலன் ஏதுமில்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலுக்கான அபாயம் அதிகமிருந்த மாணவர்களுக்குச் சில அளவீடுகளில் நிலைமை சற்று மோசமாகவும் காணப்பட்டது. எனவே யாராவது ‘தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொன்னால் தயங்குங்கள். துயரத்தை உள்ளே வைத்திருக்கும் பிள்ளைக்கு, கண்ணை மூடி உள்ளே பார்ப்பது எப்போதும் ஆறுதலாக இருப்பதில்லை.

சரி, அந்த ஒரு பாடவேளையில் என்ன செய்வது?

அவர்களுடைய சொந்தக் கதையைக் கேட்பதை விட்டுவிட்டு, அவர்கள் நன்றாக அறிந்த உலகத்திலிருந்து ஒரு சிக்கலைக் கொண்டுபோங்கள். ஓர் உதாரணம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 32 பேர் இருக்கிறார்கள். பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த ஒருவனின் படத்தை யாரோ போட்டுவிட்டார்கள். ஐந்து பேர் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார்கள். அவனும் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறான். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘எது சரி?’ என்று கேட்காதீர்கள். சரியான விடை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை ஒப்பித்துவிட்டு மறந்துபோவார்கள். ‘அவனும் ஏன் சிரிக்கும் முகம் போட்டான்?’ என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், ‘போடாவிட்டால் இன்னும் கிண்டல் செய்வார்கள்’ என்பான். இன்னொருத்தி, ‘அவனுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்கலாமே’ என்பாள். ‘எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பத்து நிமிடத்தில் பிறர் மனதை ஊகிப்பது, ஊகம் தவறாகலாம் என்று உணர்வது, வெட்கத்துக்கும் வேடிக்கைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது எல்லாம் நடந்துவிடுகிறது. யாரும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் எல்லோரும் தங்களைப் பற்றித்தான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த படி பேச்சுப் பயிற்சி. இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழுவில் நீ இருந்தால், முதல் ஒரு நிமிடத்தில் என்ன தட்டச்சு செய்வாய் என்று கேட்டு, பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘இது மிகவும் தவறு, ஒருவரை இழிவுபடுத்தக் கூடாது’ என்று நான்கு பேர் எழுதுவார்கள். அதைப் படித்துக் காட்டி, ‘நிஜமாகவே இப்படி அனுப்புவீர்களா?’ என்று கேளுங்கள். மாட்டோம் என்பார்கள். அப்படியானால் எதை நிஜமாக அனுப்ப முடியும்? ‘எடுத்துவிடு, போதும்’ என்று இரண்டு சொல்லாக இருக்கலாம். படம் போட்டவனுக்குத் தனியாக ஒரு செய்தியாக இருக்கலாம். பேச்சை மாற்றும் வேறொரு கேள்வியாக இருக்கலாம். தூங்கியவனை மறுநாள் பார்த்து ‘வா, சாப்பிடப் போகலாம்’ என்று சொல்வதாகவும் இருக்கலாம். வாயிலிருந்து வரக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் அந்தச் சொல் தேவைப்படும் நொடியில் வரும். பள்ளி மைதானங்களில் படம்பிடித்து ஆராய்ந்த கனடா ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. சக மாணவர் குறுக்கிட்ட சந்தர்ப்பங்களில் 57 சதவீதத்தில், பத்து நொடிகளுக்குள் தொல்லை நின்றுபோனது. பத்து நொடி! பெரிய வீரம் தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொன்னால் போதுமாயிருந்தது. உங்கள் மாணவர்களிடம் இந்தத் தகவலைச் சொல்லுங்கள். இந்த வயதினருக்கு உண்மையான தகவல் மிகவும் பிடிக்கும். அறிவுரையைவிட அதிகம் மதிப்பார்கள்.

உணர்வுகளுக்குப் பெயர் சூட்டும் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. கோபமான, அச்சமுற்ற முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு மூளையில் பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததை, மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் காட்டினார்கள். அதை மூன்றாம் மனிதர் வழியாகச் செய்யுங்கள். நீங்கள் அறிவியல் ஆசிரியர். உங்களிடம் கதைகளுக்குப் பஞ்சமா? 1847-ல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்கள் கையைக் கழுவினால் பிரசவத்துக்கு வரும் தாய்மார்கள் சாவது குறையும் என்று கண்டுபிடித்தார். அது உண்மையாகவே குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள்? ‘கோபம்’ என்று முதலில் சொல்வார்கள். கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது? தங்கள் கையாலேயே நோயாளிகள் இறந்தார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய குற்ற உணர்வா, இளையவர் ஒருவர் திருத்துகிறாரே என்ற அவமானமா, கௌரவம் போய்விடுமே என்ற பயமா? செம்மல்வைஸுக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும் – ஆற்றாமையா, கசப்பா, தனிமையா? ‘கோபம்’ என்ற ஒரே சொல்லைக் கலைத்து ஐந்தாறாகப் பிரிக்கப் பழகிய பிள்ளை, பிறகு தன் கோபத்தையும் கலைத்துப் பார்க்கும். எப்போது பார்க்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. உங்கள் கண்ணெதிரே நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இப்போது அந்தத் தனித்து நிற்கும் மாணவன். ‘நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள்’ என்று நீங்கள் சொல்லி முடித்த அடுத்த சில நொடிகளில் அவனைக் கவனியுங்கள். பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கியிருப்பான். அதில் தேடுவதற்கு எதுவும் இல்லை. கை வேலையாக இருந்தால், யாரும் கூப்பிடாதது தெரியாது அல்லவா? ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டும் பிள்ளைகளும் உண்டு. கடைசியில் ஆள் குறைவான குழுவில் நீங்கள் அவனைச் சேர்ப்பீர்கள். அந்தக் குழுவினரின் முகத்தில் ஓடும் சலிப்பை அவன் படித்துவிடுவான். ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் இது நடந்தால், வருடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். உணர்வுத் திறன் வகுப்பில் எவ்வளவு அழகான பாடம் நடத்தினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே, மாணவர்களையே குழு பிரிக்கச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பட்டியலை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை எல்லோருக்குமாக மாற்றுங்கள். அவனை மட்டும் கருதிச் செய்ததாகத் தெரியக் கூடாது. வேலையையும் பிரித்துக் கொடுங்கள். 1971-ல் உளவியலாளர் எலியட் ஆரன்சன், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், இனப் பகை கொதித்துக்கொண்டிருந்த வகுப்பறைகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார். பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது. அவர் சொன்னால்தான் மற்றவர்களுக்கு அந்தப் பகுதி தெரியும். அதே துண்டை வைத்திருக்கும் வேறு குழுவினரோடு முதலில் உட்கார்ந்து தயாராகிவிட்டு, பிறகு தன் குழுவுக்கு வந்து விளக்க வேண்டும். செரிமான மண்டலத்தையோ நீர்ச் சுழற்சியையோ இப்படி நடத்திப் பாருங்கள். ‘அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. இரைப்பையில் என்ன நடக்கிறது என்று தெரிய, அவனிடம் கேட்டாகவேண்டும். முதல் இரண்டு தடவை தட்டுத் தடுமாறும். அவன் முறைக்கு முந்தைய நாள், அந்தப் பகுதியை அவனோடு ஐந்து நிமிடம் பேசித் தயார் செய்துவிடுங்கள்.

மாணவர்களின் கையிலேயே கொஞ்சம் பொறுப்பைக் கொடுங்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் எலிசபெத் பாலக்கும் அவருடன் இருந்தவர்களும் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. அவற்றில் பாதிப் பள்ளிகளில், சண்டை, கேலிக்கு எதிராக என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் வேலையை, ஒரு சிறு மாணவர் குழுவிடமே கொடுத்தார்கள். அந்தப் பள்ளிகளில் மாணவர் மோதல் குறித்த பதிவுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. சக மாணவர்கள் அதிகம் பழகும், அதிகம் கவனிக்கும் பிள்ளைகள் அந்தக் குழுவில் கூடுதலாக இருந்த இடத்தில் பலனும் கூடுதல். ‘நல்ல பிள்ளைகள்’ என்று ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக அது எப்போதும் இருக்காது. அழுகையை நடித்துக் காட்டிய அந்த இருவரில் ஒருவனுக்கு நடிப்பும் கூட்டமும் இயல்பாக வருகிறது என்றால், பேசி முடித்துச் சில வாரங்கள் கழித்து, அவனை இப்படியொரு வேலையில் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள். தண்டனைக்குப் பதிலாக என்று சொல்லவில்லை. அந்தப் பெண் அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாகச் சொல்ல இருப்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். உங்கள் மாணவர்கள் இந்தத் திறன்களை, அந்த ஒரு பாடவேளையில் கற்பதைவிட, மற்ற நேரங்களில் நீங்கள் அவர்களைத் திருத்தும் விதத்திலிருந்து அதிகம் கற்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனை நிறுத்தி, ‘உனக்கு எத்தனை தடவை சொல்வது?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்பது ஒரு பாடம். அருகில் போய்க் குரலைத் தாழ்த்தி, ‘இது மூன்றாவது தடவை. என்ன தடங்கல்? இடைவேளையில் பேசலாம்; இன்று மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்’ என்பது இன்னொரு பாடம். கண்டிப்பில் குறைவில்லை, மரியாதையும் போகவில்லை. ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு, தண்டிப்பதற்கு முன் மாணவரின் பக்கத்தைக் கேட்பது, உறவை முறிக்காமல் கண்டிப்பது என்பதைப் பற்றி இணையவழியில் ஒரு சிறு பயிற்சி கொடுத்தார்கள். ஜேசன் ஓகோனோஃபுவா குழுவினர் 2016-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், அந்த ஆண்டு இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களின் விகிதம், பயிற்சி பெறாத ஆசிரியர்களின் மாணவர்களிடையே 9.6 சதவீதமாகவும், பயிற்சி பெற்றவர்களின் மாணவர்களிடையே 4.8 சதவீதமாகவும் இருந்தது. மாணவர்களுக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை, ஆசிரியரின் அணுகுமுறை மட்டுமே மாறியது.

வீட்டில் வரவேண்டியது அல்லவா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் நான்கைந்து பேர், பெரும்பாலும் வேறு வேறு வயதினர். ஒரே வயதில் நாற்பது பேரோடு இடம்பிடிக்கப் போராடும் சூழல் வீட்டில் கிடையாது. அந்தத் திறனைப் பள்ளியில்தான் பழக முடியும்.

மதிப்பெண் விஷயத்தில் நிர்வாகத்தோடு பேசத்தான் வேண்டும். இந்தத் திறன்களை அளக்கும் கேள்வித்தாள்களை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். மாணவரைத் தரம் பிரிக்கவோ பள்ளியை மதிப்பிடவோ இப்போதைக்கு அவை ஏற்றவை அல்ல என்று, ஏஞ்சலா டக்வொர்த்தும் டேவிட் யேகரும் 2015-ல் எழுதினார்கள். கண்டிப்பான பள்ளியில் படிப்பவன் தன் சுயகட்டுப்பாட்டைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்வான், ஏனென்றால் அவன் ஒப்பிடும் அளவுகோல் உயரமானது. ‘பரிவு: 6/10’ என்று அட்டையில் வாங்கிய பிள்ளை பரிவைக் கற்காது, மதிப்பெண் வரும்படி நடிக்கக் கற்கும். அதற்குப் பதிலாக, பருவத்துக்கு ஒரு முறை, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு செயலை ஒரு வாக்கியமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்: ‘குழுவில் தன் யோசனையை மற்றவர்கள் மறுத்தபோது, காரணம் கேட்டுவிட்டு அவர்களுடைய வழியிலேயே சோதனையைச் செய்து முடித்தான்’ என்பது போல. நாற்பது பேருக்கும் எழுத வேண்டுமென்றால், வாரத்துக்கு நான்கைந்து பேரைக் கவனித்துக் குறித்து வைத்தாலே போதும். ஒருவேளை எண்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், பயிற்சிகளில் கலந்துகொண்டதற்கு எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த வாக்கியத்தைத் தனியாகப் பெற்றோரிடம் கொடுங்கள்.